முதல் கட்டம் காலி

பொங்கல் கழிந்த மூன்றாம் நாள் விழுப்புரத்தில் நடந்த நடனப் போட்டியில் கலைமதியின் மானம் கப்பலேறியது. ஏற்றிவிட்டவர்கள் வெளியாள் யாருமில்லை. அவளும், அவளைப் போலவே இன்டர்நெட்டில் ஓசியில் கிடைத்த சத்தங்களை இறக்கிப் பாட்டு செய்திருந்த இன்னும் இரண்டு பேரும்தான்.

முதல் குழு ஆடியபோது ஸ்பீக்கரில் ‘டும் டகட டும்’ என்று ஒரு அடி வந்தது. கூட்டம் தலையாட்டியது. இரண்டாவது குழு ஏறியது, பாட்டு வேறு, ஆனால் அதே ‘டும் டகட டும்’. மூன்றாவது கலைமதி இசையமைத்த பாட்டு. அதிலும் அதே அடி, இம்மி பிசகாமல். மைக்கைப் பிடித்திருந்த அறிவிப்பாளர் பிரவீன்குமார் இந்த மாதிரி சந்தர்ப்பத்தை விடுகிற ஆளா?

“யப்பா சவுண்டு சர்வீஸு! பாட்டு மாட்டிக்கினு கீது பாரு, பெட்டிய ஒரு தட்டு தட்டுப்பா!”

மைதானமே சிரித்தது. மேடைக்குப் பக்கத்தில் நின்றிருந்த கலைமதி, துப்பட்டாவைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு திண்டிவனம் பஸ்ஸைப் பிடித்தாள். அன்றைக்கு அவளுக்கு அழுகை வந்தது, அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. கோபமும் தன்மேல்தான்.

கலைமதிக்கு இருபத்தாறு வயது. ஒலக்கூர் பக்கத்துக் கிராமம். வாரத்தில் ஆறு நாள் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மொபைல் கடையில் உடைந்த டிஸ்ப்ளே மாற்றுவாள். ஞாயிற்றுக்கிழமையானால் விழுப்புரத்தில் வல்லரசின் ஒலிக்கூடத்துக்குப் போய்விடுவாள். ஒலிக்கூடம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். மாடியில் ஒரே ஒரு அறை, நாலு சுவரிலும் முட்டை அட்டை, சத்தம் போடுகிறது என்று பாட்டு பதியும்போது நிறுத்திவைக்கிற ஒரு ஃபேன். ஆனால் அந்த அறைக்குள் வேர்வையில் நனைந்து உட்கார்ந்திருக்கும்போதுதான் தான் உயிரோடு இருப்பதாக அவளுக்குத் தோன்றும். அங்கே நிரந்தரமாக இசை வேலை பார்த்தவன் சென்னைக்குப் போய்விட்டான். அவன் நாற்காலி காலியாக இருந்தது. அதன்மேல் கலைமதிக்குக் கண்.

வல்லரசு மாசி மாதம் அவளைக் கூப்பிட்டான்.

“விழுப்புரத்துல பொண்ணுங்க கபடி டோர்னமெண்ட் நடக்குது கலை. ஒவ்வொரு டீமும் கிரவுண்டுக்குள்ள வரும்போது போட ஒரு மியூசிக் வேணும்னு கேட்டுக்கினு கீறாங்க. ரெண்டு வாரம் டைம். நல்லா வந்துச்சுன்னா அந்தச் சேரு உன்னுது. மறுபடியும் ஓசி சத்தம் கேட்டுச்சுன்னு வெய்யி, டிஸ்ப்ளே மாத்தறதே உனக்கு சரின்னு நான் முடிவு பண்ணிக்கிறேன்.”

“ஒரு சத்தம் கூட இறக்க மாட்டேன் அண்ணா. அத்தனையும் என் கையால புடிச்சதா இருக்கும்” என்று வீராப்பாகச் சொல்லிவிட்டு வந்தாள். 

சத்தம் பிடிக்கக் கிளம்பினாள். கையில் போன். அதில் செருகிய சின்ன மைக். காற்று அடித்தால் மைக் ‘புஸ் புஸ்’ என்று இரையும் என்பதால் அக்கா குழந்தையின் கம்பளிச் சாக்ஸ் ஒன்றை அதற்கு மாட்டிவிட்டிருந்தாள். ரோஸ் நிறம், நுனியில் இரண்டு முயல் காது. அந்த முயலை நீட்டிக்கொண்டு அவள் ஊர் ஊராகத் திரிந்ததைப் பார்த்தவர்கள், நல்ல பெண் இப்படி ஆகிவிட்டாளே என்றுதான் நினைத்திருப்பார்கள்.

காய்ந்த மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, காதுப் பக்கம் ஆட்டினால் உள்ளே பருப்பு கலகலக்கும். பதமாகக் காய்ந்துவிட்டதா என்று விவசாயிகள் அப்படித்தான் பார்ப்பார்கள். பத்துக் காயை எவர்சில்வர் டம்ளரில் போட்டு ஆட்டிப் பதிந்தாள். பெரிய பெரிய சினிமாப் பாட்டுகளில் கிலுகிலுக்கிற சத்தத்தைவிட அது நன்றாக இருந்தது. பால் சொசைட்டியில் கேன் மூடி கீழே உருண்டபோது கோயில் மணி மாதிரி ஒரு நீண்ட ‘ணங்’. கண்டமங்கலத்தில் புதுச்சேரி கம்பெனிகளுக்குப் போகிறவர்கள் பைக்கை நிறுத்துகிற இடத்தில் காலை ஏழரை மணிக்கு நின்றாள். நாற்பது வண்டிகளின் ஸ்டாண்டும் ஒன்றன்பின் ஒன்றாக ‘டடக் டடக்’ என்று விழுந்ததைப் பிடித்துக்கொண்டு, அடுத்த பஸ்ஸில் ஓடி வந்து கடையைத் திறந்தாள்.

திருவக்கரைக்கும் போனாள். அங்கே கல்லாகிப்போன மரங்கள் கிடக்கின்றன. தட்டினால் எப்படி ஒலிக்கும் என்ற ஆசையில் விரலை மடக்கிக் குனிந்தாள்.

“ஏய் ஏய்! கை வெக்காதம்மா!” காவலுக்கு இருந்த முத்துசாமி ஓடி வந்தார். “கோடி வருசமா அது பாட்டுக்கு சும்மா கெடக்குது. நீ வந்து எழுப்பணுமா?”

“தட்டிப் பாக்கலாம்னுதாங்க...”

“போ போ, ஜல்தி கெளம்பு” என்று அவளைத் துரத்தி வெளியே விட்டு இரும்புக் கேட்டை இழுத்துச் சாத்தினார். கேட் ‘க்ரீ...ய்ய்ங்’ என்று ஒரு ராகம் பாடி நின்றது. கலைமதி அப்படியே நின்றுவிட்டாள். பிறகு மிகப் பணிவாக, “ஐயா, இன்னொரு வாட்டி என்னைத் துரத்தறீங்களா?” என்று கேட்டாள். அந்த மனிதர் அவளை மேலும் கீழும் பார்த்தார். முயலையும் பார்த்தார். என்ன நினைத்தாரோ, நாலு தரம் கேட்டைத் திறந்து மூடிக் காட்டினார்.

போனில் பாட்டுக் கட்டுகிற ஆப் ஒன்று வைத்திருந்தாள். அதில் பதினாறு கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சத்தத்தை வைத்து, விரலால் தட்டித் தட்டி இசை செய்யலாம். இரண்டிலிருந்து பதினாறு வரை நிரம்பிவிட்டது. ஒன்றாம் கட்டம் மட்டும் காலி. அதில்தான் பாட்டின் கீழ் அடி வர வேண்டும். நெஞ்சில் குத்துகிற அடி அது, வல்லரசு அதைக் ‘கிக்கு’ என்பான். அது இல்லாத பாட்டு தூண் இல்லாத பந்தல்தான்.

தண்ணீர் டிரம்மைத் தட்டினாள். சிமெண்டு மூட்டையை உதைத்தாள், கால்தான் வீங்கியது. மெத்தையை வெளியே போட்டு உலக்கையால் சாத்தியபோது பக்கத்து வீட்டு அஞ்சம்மாள் எட்டிப் பார்த்து, “அந்த மெத்தை இன்னாடி பாவம் பண்ணிச்சு?” என்று கேட்டாள். எதிலும் அந்த அடி வரவில்லை. பத்து நாள் ஓடிப்போயிற்று.

பதினோராம் நாள் புதன்கிழமை. அவள் அம்மா செண்பகம் திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டை மண்டியில் காய் சலிக்கிற வேலை பார்க்கிறாள். காலையில் மறந்து வைத்துவிட்டுப் போன சாப்பாட்டைக் கொடுக்கக் கலைமதி மதியம் அங்கே போனாள். வாசலில் செருப்பைக் கழற்றினாள். உள்ளே லாரியிலிருந்து லோடுமேன்கள் ஒரு மூட்டையை வீசினார்கள்.

தொம்.

உள்ளங்காலில் ஏறி நெஞ்சில் போய் நின்றது அந்தச் சத்தம். சின்ன வயதிலிருந்து ஆயிரம் தடவை கேட்டிருக்கிறாள், ஒருநாளும் காது கொடுத்ததில்லை. சாப்பாட்டுப் பையோடு அங்கேயே குதித்தாள்.

லோடுமேன்களுக்கு மேஸ்திரி கண்ணையன், அவர்கள் தெருக்காரர், அவளுக்குப் பெரியப்பா முறை. நேரே அவரிடம் போய், “பெரிப்பா, நாளைக்கு நீங்க மூட்டை வீசறத ரெகார்டு பண்ணிக்கட்டுமா?” என்றாள். அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. “பண்ணிக்கோம்மா” என்றார்.

மறுநாள் ஒரு மணி நேரம் லீவு சொல்லிவிட்டு வந்தவள் வாசலிலேயே திகைத்துப்போனாள். ஆறு லோடுமேன்களும் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் நின்றிருந்தார்கள். கோபி என்ற இளைஞன் பவுடர்கூடப் போட்டிருந்தான். அவள் முயலைத் தரைக்குப் பக்கத்தில் வைத்தாள். அவர்கள் மூட்டையை இறக்கினார்கள். தூங்குகிற பிள்ளையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி இறக்கினார்கள். முயல் காதில் விழுந்தது ஒரு இருமல், எங்கேயோ ஒரு காக்கை, அப்புறம் கண்ணையனின் குரல்.

“நண்பர்களே, மூட்டையை மிகவும் மெதுவாக இறக்குங்கள்.”

பிறந்ததிலிருந்து பெரியப்பா இப்படிப் பேசி அவள் கேட்டதில்லை. அம்மா அவளைச் சாக்குக் குவியலுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள். சுவரைக் காட்டினாள். ‘மூட்டையை வீசாதீர். காய் உடையும்’ என்று புதுப் பெயிண்டில் எழுதியிருந்தது.

“போன வாரந்தான் மொதலாளி எழுதிப் போட்டாரு. நீ வந்து ரெகார்டு பண்றேன்னு நிக்கிற. உன்ன யாரோ அனுப்பி சாட்சி புடிக்கிறாங்கன்னு நெனச்சிக்கினு கீறாங்கடி. பேஜாரு புடிச்சவளே, நாளைக்கு நான் எந்த மூஞ்ச வெச்சிக்கினு இங்க வேலை செய்வேன்?”

 தன் பாட்டுக்காக ஆறு பேர் ஒரு நாள் முழுக்கப் பயந்து பயந்து வேலை செய்திருக்கிறார்கள் என்பது கலைமதியைச் சுட்டது. சனிக்கிழமை சாயங்காலம் பாட்டு வல்லரசு கைக்குப் போக வேண்டும். நடுவில் இருப்பது ஒரே ஒரு வெள்ளிக்கிழமை.

வெள்ளி மதியம் லோடுமேன்கள் சாப்பிட்டு முடித்துச் சாக்கின்மேல் சாய்ந்திருந்தபோது போனாள். முயலைப் பையைவிட்டு வெளியே எடுக்கவில்லை. இயர்போனைக் கண்ணையன் கையில் கொடுத்தாள்.

“உங்க வேலைக்கு ஒலை வெக்க வரல பெரிப்பா. இத மட்டும் கேளுங்க. புடிக்கலன்னா போயிடறேன்.”

அவர் சந்தேகத்தோடு காதில் வைத்தார். மல்லாட்டை கலகலத்தது. பால் கேன் மூடி ‘ணங்’ என்றது. நாற்பது வண்டியின் ஸ்டாண்டு விழுந்தது, திருவக்கரை கேட் ராகம் இழுத்தது. கண்ணையனின் புருவம் மெல்ல ஏறியது. “டேய், இது காஞ்ச மல்லாட்டைடா!” என்றார். அவ்வளவுதான், “எனக்குக் குடு, எனக்குக் குடு” என்று ஆறு பேரும் இயர்போனுக்கு அடித்துக்கொண்டார்கள். மறுபடி தன் முறை வந்தபோது கண்ணையன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கேட்கும்போதே அவர் குதிகால் தரையில் அடி போட்டது. எங்கே இடம் காலியாக இருந்ததோ, சரியாக அங்கே. பிறகு அவள் போனை எட்டிப் பார்த்தார்.

“இன்னாம்மா, நடுவுல நடுவுல ஓட்டையா கீது? இந்த மொத கட்டமும் காலியா கீது?”

“அதுக்குத்தான் பெரிப்பா உங்க மூட்டை.”

அவர் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்ட பிறகுதான் சல்லடையோடு தூரத்தில் நின்றிருந்த செண்பகம் மூச்சு விட்டாள்.

“காய் மூட்டைய வீசினா காய் உடையும், எழுதிப் போட்டது நியாயந்தான். சாப்பாட்டு நேரம் முடிய இன்னும் அரை மணி கீது. வேற மூட்டை கட்டிப் போடறோம், இரு” என்று எழுந்தார்.

அதற்குப் பிறகு நடந்தது வேலையா விளையாட்டா என்று சொல்ல முடியாது. சாக்கில் மல்லாட்டைத் தோலை மட்டும் அடைத்து வீசினார்கள். ‘பொஸ்’ என்றது. “சப்புன்னு கீது” என்றான் கோபி. மணலை மட்டும் அடைத்தார்கள். ‘சத்’ என்று செத்து விழுந்தது. “சத்தம் உள்ளயே படுத்துக்குது, வெளிய வரல” என்று ஒருவர் தீர்ப்புச் சொன்னார். கீழே மணல், மேலே தோல் என்றார் கண்ணையன். தரை வேண்டாம், காலி லாரியின் பலகையில் போட்டால் கீழே காற்று இருக்கும் என்றாள் செண்பகம். நேற்று வரைக்கும் ‘சாம்பிள்’ என்றால் மண்டி வியாபாரிக்குக் காட்டுகிற ஒரு பிடி காய் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்கள், இன்றைக்குச் சத்தத்தில் ‘சாம்பிள்’ எடுத்துப் பதம் பார்த்தார்கள்.

மூட்டையின் இரண்டு முனையையும் இரண்டு பேர் பிடித்து ஆட்டி ஒன்றாக வீச வேண்டும். அதற்கு எண்ணிக்கை வேண்டும். கலைமதி பையிலிருந்து முயலை எடுத்துப் பலகைப் பக்கம் நீட்ட, கண்ணையன் எண்ணினார்.

“லாபம்... ரெண்டு... மூணு... நாலு!”

தொம்!

நெல்லோ கேழ்வரகோ மல்லாட்டையோ, அளக்கிறபோது இந்தப் பக்கத்தில் யாரும் முதல் மரக்காலை ‘ஒன்று’ என்று எண்ணுவதில்லை. லாபம் என்றுதான் தொடங்குவார்கள். கலைமதிக்கும் அது தெரியும். ஆனாலும் போனைக் காட்டி, “இது ஒண்ணாம் நெம்பர் கட்டம் பெரிப்பா” என்று சும்மா சீண்டினாள்.

“கையில மூட்டை இருக்கசொல்ல ஒண்ணுன்னு எவனாவது சொல்லுவானா? அது லாபக் கட்டம். அப்படியே எழுதிக்கோ” என்றார் அவர்.

இருபது தடவை வீசினார்கள். இருபது தடவையும் லாபம்.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் லேப்டாப்பைத் திறந்து ஒரு ‘தொம்’மை மட்டும் வெட்டி எடுத்து, கொஞ்சம் கனம் கூட்டி, போனுக்கு மாற்றி முதல் கட்டத்தில் வைத்தாள். விரலால் தட்டினாள். பாட்டு எழுந்து நின்றது. சந்தோஷத்தில் அம்மாவைக் கட்டிப்பிடித்துச் சுற்றினாள், அடுப்பில் குழம்பு பொங்கி வழிந்தது. பிறகு விளையாட்டாக, வெட்டிப் போட்ட எண்ணிக்கையை எடுத்துப் பாட்டுக்கு முன்னால் ஒட்டினாள். ‘லாபம்... ரெண்டு... மூணு... நாலு’, உடனே ‘தொம்’. கையில் மயிர் சிலிர்த்தது. அதை எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

சனிக்கிழமை வல்லரசு கேட்டான். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

“பிரமாதம் கலை. இந்த அடியை எங்கடி புடிச்ச? சரி, முன்னாடி இருக்கிற அந்த எண்ணிக்கைய மட்டும் தூக்கிடு.”

“ஏன் அண்ணா?”

“மைக்குல யாரு தெரியுமா? பிரவீன்குமாரு. லாபம்னு காதுல விழுந்துச்சுன்னா, மல்லாட்டை ஏலம் ஆரம்பிச்சிடுச்சான்னு கேப்பான். ரெண்டாயிரம் பேரு சிரிப்பாங்க. அப்புறம் உன்ன அந்தச் சேர்ல உக்கார வெச்சா என்னையும் சேர்த்து சிரிப்பாங்க.”

பொங்கல் கூட்டத்தின் சிரிப்பு அவள் காதில் மறுபடி கேட்டது. எடுத்துவிடலாம், ஒரு பட்டன் தட்டினால் போதும். நாற்காலி கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. இஸ்திரி போட்ட ஆறு சட்டைகளும் கண்ணுக்குள் வந்தன.

“அது இல்லன்னா இது யாருடைய பாட்டாவும் இருக்கலாம் அண்ணா. அது இருந்தாத்தான் எங்களுது. சிரிச்சாங்கன்னா நான் கடைக்கே போயிடறேன்” என்றாள். 

வல்லரசு ஃபேனைப் பார்த்தான், முட்டை அட்டையைப் பார்த்தான். “உன் தலையெழுத்து” என்றான்.

ஞாயிறு நாலு மணி. மூங்கிலும் பலகையும் கட்டிய கேலரி நிரம்பி வழிந்தது. சுற்றுக் கிராமங்களிலிருந்து வேன் பிடித்து வந்திருந்தார்கள். கலைமதி ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். துப்பட்டா தயாராகத் தோளில் இருந்தது. முதலில் ஒலக்கூர் அணி, கேப்டன் கவிதா முன்னால் நிற்க, வரிசையாக ஓடிவரக் காத்திருந்தது.

ஸ்பீக்கரிலிருந்து கண்ணையனின் கரகரத்த குரல் வந்தது.

“லாபம்...”

கூட்டம் ‘கொல்’லென்று சிரித்தது. கலைமதி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். போச்சு, நாற்காலியும் போச்சு, மானமும் போச்சு.

“ரெண்டு... மூணு... நாலு!” தொம்!

சிரிப்பு நிற்கவில்லை. ஆனால் அதில் என்னவோ வேறாக இருந்தது. ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். பெண்கள் ஒருவர் முதுகை ஒருவர் தட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள். நம் வீட்டு ஆள் திடீரென்று டிவியில் தெரிந்தால் சிரிப்போமே, அந்தச் சிரிப்பு அது. மூன்றாவது ‘தொம்’முக்குக் கேலரியே சேர்ந்து பலகையை மிதித்தது. கவிதாவின் அணி சிரித்துக்கொண்டே மைதானத்துக்குள் ஓடியது.

அடுத்த அணி வந்தபோது ஸ்பீக்கருக்கு வேலையே இல்லை. ரெண்டாயிரம் பேரும் எழுந்து நின்று அவர்களாகவே எண்ணினார்கள்.

“லாபம்! ரெண்டு! மூணு! நாலு!”

பிரவீன்குமார் மைக்கில் ஏதோ ஜோக்கு சொன்னார். சொன்னார் என்பது அவர் வாய் அசைந்ததில்தான் தெரிந்தது. கேலரியின் நாலாவது வரிசையில் இஸ்திரிச் சட்டைகள் ஆறும் குதித்துக்கொண்டிருந்தன. நடுவில் கண்ணையன், தன் தொண்டைதானா அது என்று கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் செண்பகம் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள்.

வல்லரசு கூட்டத்தை நீந்திக்கொண்டு பெட்டிக்குப் பின்னால் வந்தான். “நாளைக்குக் கடையில சொல்லிட்டு வந்துடு கலை” என்று அவள் காதில் கத்தினான். “வரசொல்ல அந்த முயலையும் எடுத்துக்கினு வா!”

கலைமதி அதற்குள் பையிலிருந்து முயலை எடுத்துக் கூட்டத்தை நோக்கி உயர்த்திப் பிடித்திருந்தாள். போனில் சிவப்பு விளக்கு எரிந்தது.

ஆட்டம் தொடங்கியது. கவிதா மூச்சைப் பிடித்துக்கொண்டு கோட்டைத் தாண்டிப் போனாள். ஒருத்தியைத் தொட்டாள். நாலு பேர் பாய்ந்தும் கையை நீட்டிக் கோட்டைத் தொட்டுவிட்டாள். விசில் ஊதியது.

“ஒலக்கூர் அணிக்கு முதல் பாயிண்ட்டு!” என்று பிரவீன்குமார் முழங்கினார். “ஸ்கோரு, ஒண்...”

மைதானம் மொத்தமும் அவரைத் திரும்பிப் பார்த்தது. அவர் மைக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துத் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“லாபம்” என்றார்.

பலகை அதிர்ந்தது. தொம்!